மூன்று சக்கர வண்டிக்கு சேஸ் போட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

களக்காடு, ஏர்வாடி, பேட்டை உறவுகளுக்கு வணக்கம்.

பல்சர் 220 பைக்கின் இன்ஜினை வைத்து வீட்டிலேயே கட்டிய மூன்று சக்கர வண்டி எங்கள் வாழைத்தோப்புக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். இன்ஜின் கம்பெனிக்காரன் செய்தது. நம் கையால் ஆனது சேஸ், அதாவது எல்லாவற்றையும் தாங்குகிற குழாய்ச் சட்டம், மட்டும்தான். அதிலும் எந்தக் குழாய் எங்கே போகவேண்டும் என்பது நீங்கள் கேட்ட கேள்விகளில்தான் முடிவானது.

முதலில் ஏர்வாடி ஆட்டோ சாச்சா. முன்னால் ஒரு சக்கரமா, இரண்டு சக்கரமா என்று இரண்டு படத்தையும் விரித்துவைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். "வளைவுல பிரேக்க மிதிச்சா பாரம் எங்க போவும்? முன்னுக்கு. அங்க ஒத்தச் சக்கரம் இருந்தா என்ன ஆவும்னு ஆட்டோ ஓட்டுதவன்கிட்ட கேளு வாப்பா" என்றார். அன்றைக்கே ஒரு படம் குப்பைக்குப் போனது. இங்கிலாந்தின் மார்கன் வண்டியும் 1910-களிலேயே முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றுதான் ஓடியது. சாச்சா அதைப் பார்த்ததில்லை; பார்க்கவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

முன்பக்கத்துக்குப் பழைய மாருதி 800-ன் சக்கரங்களும் ஸ்டியரிங் ரேக்கும் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு). பின்பக்கத்துக்குப் பல்சரின் பின்பாதி. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைதான் ஸ்விங் ஆர்ம். "இன்ஜினும் ஸ்விங் ஆர்மும் உக்காந்திருக்க பாகத்தத் தொடாத, அதுக்கு முன்னால அறு" என்று மெக்கானிக் அண்ணன் சாக்பீஸால் கோடு கிழித்துக் கொடுத்தார். செயின் கம்பெனி வைத்த நேர்கோட்டிலேயே நின்றுகொண்டது. பெரிய தலைவலி ஒன்று ஒரே கோட்டில் போயிற்று.

எதிர்வீட்டு ஆச்சிக்குத் தனியாகச் சொல்லவேண்டும். வாரியலுக்குக் கிழித்துவைத்த ஈர்க்கில் ஒரு கட்டு முழுவதையும் எடுத்துத் தந்தார். பத்தில் ஒரு பங்கு அளவில் ஈர்க்கை நறுக்கி, பசை போட்டு ஒட்டி, சேஸ் மாதிரி ஒன்று செய்தேன். முன்முனையைப் பிடித்துக்கொண்டு பின்முனையை முறுக்கினால் சீட் வருகிற கட்டம் மட்டும் சப்பென்று சாயும். குறுக்கே மூலைவிட்டமாக ஒரு ஈர்க்கு ஒட்டினால் அசையாது. ஆனால் அதன் வழியாகத்தான் ஆள் ஏறவேண்டும். ஆச்சி பார்த்துவிட்டு, "காலு வைக்க எடம் வேண்டாமாடே? அடியில போடு, பக்கத்துல போடு" என்றார். தரையில் ஒரு பெருக்கல் குறி, இரண்டு பக்கச் சட்டத்தையும் உயர்த்தி அதற்குள் சாய்வுக் குழாய்கள், சீட்டுக்குப் பின்னால் ஒரு மூலைவிட்டம். மறுபடி முறுக்கினேன், கட்டம் கட்டமாகவே நின்றது. அந்த ஈர்க்கு சேஸ் இன்றும் ஆச்சி வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது. நான் கேட்டாலும் தரமாட்டார்.

பேட்டை இரும்புக் கடைக்காரர் ஒரு அங்குலக் குழாயை வெர்னியர் அளவுகோலால் அளந்து, தகடு 1.6 மில்லிமீட்டர் தடிமன் இருந்ததை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தார். கொத்தனார் மாமா தண்ணி டியூபைப் பிடித்து நெல் அடிக்கும் களத்தில் மட்டம் பார்த்தார். வெல்டிங் அண்ணாச்சி எல்லா மூட்டிலும் முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் வெல்டிங் வைத்தார். முழுசாக வெல்டிங் ஓட்டியபோதும் இங்கே ஒன்று, எதிர்மூலையில் ஒன்று என்றுதான் ஓட்டினார். சூட்டில் சேஸ் கோணவில்லை என்றால் காரணம் அவர் பொறுமை.

புள்ளி வைத்த நிலையிலேயே வண்டியை வாழைத்தார் மண்டிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மண்டி அண்ணாச்சி அன்று கடைசித் தார் போனதும் பெரிய தராசை எங்களுக்கே விட்டுவிட்டார். ஒரு சக்கரம் தராசில். மற்ற இரண்டுக்கும் அதே உயரத்துக்குப் பலகை. சீட்டில் லோடுமேன் தம்பி உட்கார்ந்தார். அவர் சிரித்தால் முள் ஆடும் என்பதால் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. சீட்டைத் தள்ளித் தள்ளி வைத்துக் கடைசியில் வந்தது: முன்னால் 131, 131, பின்னால் 128. ஆக 390 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால். பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து முன்னால் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்ததில் பாரமையத்தின், அதாவது மொத்தப் பாரமும் கூடி நிற்கிற புள்ளியின், உயரமும் கிடைத்தது, ஏறக்குறைய 40 செ.மீ. வண்டி கவிழ்ந்தால் ஒரு பக்க முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்க்கும் கோட்டின் மேல்தான் கவிழும்; அந்தக் கோடு அந்தப் பாரமையத்திலிருந்து பக்கவாட்டில் தள்ளியிருப்பதும் 40 செ.மீ.தான். அப்படியென்றால் வண்டியைக் கவிழ்க்க அதன் எடைக்குச் சமமான பக்க இழுப்பு வேண்டும். சாதாரண டயர் அதற்கு முன்பே வழுக்கிவிடும். பாரம் முன்னுக்கும் பின்னுக்கும் நட்டநடுவில் நின்றிருந்தால் அந்த 40 வெறும் 30 ஆகியிருக்கும், கவிழ்வது முந்திக்கொள்ளும். இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "அப்ப தராசுக்கு வாடகை உண்டும்லா?" என்றார். ஒரு தார் கற்பூரவல்லி கொடுத்துக் கணக்கை முடித்தேன்.

போக்குவரத்து அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பாவுக்கும் நன்றி. பதிவு இல்லாத வண்டி பொதுச்சாலையில் இறங்கக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 39-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அதனால் இது தோப்புக்குள் மட்டும்.

மாருதி ஸ்பிரிங் நம் எடைக்கு ரொம்ப விறைப்பு, மெலிசாக மாற்றவேண்டும். சீட்டுக்குப் பின்னால் இன்ஜினுக்குக் காற்றும் போதவில்லை. சின்ன ரேடியேட்டர் ஃபேன் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். ஒரே பெடலில் மூன்று சக்கரத்துக்கும் பிரேக் பங்கிடும் வேலை மெக்கானிக் அண்ணன் கையில் இருக்கிறது. அது முடியுமட்டும் சாவி அப்பாவிடம்தான். தம்பிமாரே, என்னிடம் கேக்காதிய.