ரயில் வராத நாளில் யாரைத் திட்டுவது?

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. "பென் அலி காலமே தேவலைன்னு இங்க ஆலைல எல்லாரும் சொல்றாங்கப்பா, இவங்களுக்கு ஜனநாயகம் சரிப்படாது" என்று துனிசியாவிலிருந்து போனில் சொன்னாயே, 2011இல் ஜனங்கள் துரத்திய சர்வாதிகாரி பென் அலியின் காலத்தையா? அதற்குப் பதில் போனில் அடங்காது. அதனால்தான் கடிதம்.

வேலை கேட்பவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து, காஃப்சா சுரங்கங்களிலிருந்து உரத்துக்கான பாஸ்பேட் பாறை ஏற்றிய ரயில் வராவிட்டால் ஸ்கீராவில் உங்கள் அமில ஆலை படுத்துவிடும். எண்ணூரில் உர ஆலையில் வேலை பார்த்தவனுக்கு அது புரியாதா? கப்பல் வராத நாளில் நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். 2010இல் சுமார் 80 லட்சம் டன் பாஸ்பேட் எடுத்த துனிசியா, அடுத்த வருடமே 30 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. மேலாளர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் புரட்சியைத் திட்டுகிறார்கள். கணக்கு பொய்யில்லை. அதை 2011இல் தொடங்குகிறார்கள் பார், அங்கேதான் எனக்குச் சண்டை.

பென் அலி ஆட்சியிலேயே, 2008 ஜனவரியில் காஃப்சாவின் அரசு பாஸ்பேட் நிறுவனம் புதிதாக வேலைக்கு எடுத்தவர்களின் பட்டியலை ஒட்டியது. சுரங்கத்தில் செத்தவர்கள், ஊனமானவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய இடங்களில் செல்வாக்குள்ளவர்களின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ரெதேயெஃப் என்ற சுரங்க ஊரே தெருவுக்கு வந்தது. தொழிலாளிகளின் விதவைகள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். "வேலை எங்கள் உரிமை, திருட்டுக் கும்பலே!" என்பது முழக்கம். ஆறு மாதம் தாக்குப்பிடித்தார்கள். ஜூனில் போலீஸ் சுட்டது, ராணுவம் இறங்கியது. முன்னால் நின்ற பள்ளி ஆசிரியர் அத்னான் ஹாஜி சிறைக்குப் போனார். நாட்டுப் பத்திரிகைகள் வாயைத் திறக்கவில்லை. உன் ஆலைக்காரர்கள் 'அமைதியான காலம்' என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

அந்த ஊர்களில் பாறையைக் கழுவ நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். வீட்டுக் குழாய் காய்கிறது. கிடைக்கிற தண்ணீரிலும் ஃப்ளோரைடு, சின்னப் பிள்ளைகளுக்கே பல் பழுப்பாகிவிடுகிறது. மலையை வெட்டி அனுப்பிய ஊருக்குத் திரும்பி வந்தது தூசிதான். தண்டவாளத்தில் உட்காராமல் வேறு எங்கே போய் உட்காருவான்?

2010 டிசம்பர் 17 அன்று சீதி பூசீத் ஊரில் தள்ளுவண்டி வியாபாரி முகமது பூஅசீசி தன்மேல் தீ வைத்துக்கொண்டது, ஜனவரி 14 அன்று பென் அலி சவூதிக்கு ஓடியது, இதெல்லாம் உனக்கே தெரியும். அதற்குப் பிறகு வந்தவர்கள் செய்த ஒரு காரியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. போராட்டத்தைத் தணிக்க, 'சுற்றுச்சூழல்', 'மரம் நடுதல்' என்று பெயருக்குக் கம்பெனிகளை வைத்து ஆயிரக்கணக்கானவர்களைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தார்கள். வேலை கேட்டவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. செலவு ஏறியது, உற்பத்தி விழுந்தது, பழி புரட்சியின் தலையில்.

நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்லாதே. 2013இல் இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்களைச் சுட்டுக் கொன்று நாடே பிளக்க இருந்தபோது, தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் வக்கீல்களும் மனித உரிமைக் கழகமும் சேர்ந்து கட்சிகளைப் பேச உட்கார வைத்தன. 2014இல் புதிய அரசியல் சாசனம் வந்தது, மறுவருடம் அந்த நால்வர் அணிக்கு நோபல் அமைதிப் பரிசு. சங்கத்தில் சந்தா வசூலித்துத் திரிந்தவன் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் கூடுதல் பெருமை. (அம்மா சிரிக்கிறாள்.)

பிறகு 2021 ஜூலை 25இல் ஜனாதிபதி கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது, ஜனங்கள் தெருவில் கொண்டாடினார்கள். பத்து வருடம் விலைவாசியைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் 2022 டிசம்பர் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்குப் பதினோரு பேர் அளவுதான். பழைய ராஜ்ஜியம் வேண்டும் என்பவர்களும் ஓட்டுப் போடலாமே! எனக்கென்னவோ அது சலிப்பு என்றுதான் படுகிறது. சலித்தவன் வாயில் வருவதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பக்கத்து ஊர் காபெஸைப் பார். 2025 அக்டோபரில் அரசு ரசாயன ஆலையின் புகையில் பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழ, ஊரே வேலைநிறுத்தம் செய்தது. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த ராத்திரி நம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அவர்களிடம் போய் "உற்பத்தி கெடும், பேசாதே" என்று சொல்லியிருப்பாயா?

இன்னொன்று, இது உன் பாதுகாப்புக்கு. 2022இல் அங்கே வந்த 54ஆம் ஆணைச் சட்டப்படி, இணையத்தில் 'பொய்ச் செய்தி' பரப்பினான் என்று சொல்லி ஐந்து வருடம் உள்ளே வைக்கலாம். அரசு ஊழியரைப் பற்றி என்றால் இரட்டிப்பு. நீ வெளிநாட்டுக்காரன். ஃபேஸ்புக்கில் எதுவும் எழுதாதே, வாட்ஸ்அப் குழுவில் வருவதை முன்னனுப்பாதே. கான்டீனில் மேலாளர் மேஜையை விட்டு, காஃப்சாவிலிருந்து வந்த ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடு. உன் பிரெஞ்சு அதற்குப் போதும். 2008இல் அவர்கள் வீட்டில் யார் எங்கே இருந்தார்கள் என்று கேள். அவர்கள் சொல்லச் சம்மதித்தால் அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது, போனில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா