சந்தியாகப்பர் வழி எது? மகளுக்கு

அன்பு மகளே,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். இயேசுவின் சீடர் சந்தியாகப்பர் கல்லறை இருக்கும் ஸ்பெயினின் சான்டியாகோவுக்கு நடந்துபோக இத்தனை யாத்திரை வழியா! நீயானால் பிரெஞ்சுப் பாதைதான் என்று பிடிவாதமாக நிற்கிறாய். பேர்போன பாதை, மறுக்கவில்லை. ஆனால் அது பிரான்ஸ் எல்லைப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர். உன் லீவு மூன்று வாரம். ஓய்வே எடுக்காவிட்டாலும் தினமும் சுமார் 37 கிலோமீட்டர் வருகிறது. முதல் நாளே பிரனீஸ் மலை. ஏறுவதுகூடப் பரவாயில்லை, மலைக்கு அந்தப் பக்கம் ரொன்செஸ்வாயெஸ் ஊருக்கு இறங்கும் சரிவில்தான் கால் பெருவிரல் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுக்கும். அந்தக் காலோடு மறுநாளும் 37 நடப்பாயா?

வடக்குக் கடலோரப் பாதை அதைவிட நீளம், விட்டுவிடு. வட ஸ்பெயினின் ஒவியேதோ நகரிலிருந்து போகும் பழைய பாதை 320 கிலோமீட்டர்தான், நாள் கணக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் மூடுபனியில் மலைமுகட்டில் நீ தனியாக நடக்கிறாய் என்றால் எனக்கு இங்கே தூக்கம் வராது. இது அப்பாவின் பயம்தான், நியாயம் இல்லை.

என் ஓட்டு போர்ச்சுகல் பாதைக்கு. போர்த்தோவிலிருந்து உள்நாட்டு வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர். நாளுக்கு 20 நடந்தாலே போதும். மின்யோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் துயி, ஸ்பெயின். யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். துயியிலிருந்தே அதற்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து யாத்திரை அட்டையில் தினம் இரண்டு முத்திரை வாங்க மறக்காதே. சான்டியாகோவுக்குச் சற்று முன்னால் பத்ரோன் என்ற ஊர் வரும். சந்தியாகப்பர் உடலைக் கொண்டுவந்த படகைக் கட்டியதாகச் சொல்லும் கல், அங்கே கோயில் பீடத்தின் அடியில் இருக்கிறதாம். அவரே வந்த வழி என்றால் உனக்கு என்ன குறை?

மிஞ்சும் நாளில் கால் ஒத்துழைத்தால் இன்னும் 90 கிலோமீட்டர் மேற்கே நடந்து ஃபினிஸ்தெர்ரே முனையில் கடலைப் பார். ஒத்துழைக்காவிட்டால் பஸ் இருக்கிறது, வெட்கப்படாதே.

அப்புறம், பை உன் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சான்டியாகோ இருக்கும் கலீசியா பகுதியில் மழைக்குப் பஞ்சமே இல்லை, மழைக்கோட்டை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடாதே. புது ஷூவை இப்போதே போட்டுப் பழக்கு.

விமான டிக்கெட் போடும் முன் ஒரு வார்த்தை எழுது. பிரெஞ்சுப் பாதையேதான் என்றால், எந்த ஊரிலிருந்து தொடங்கினால் மூன்று வாரத்தில் முடியும் என்று பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா