நெடுங்கடலில் இருப்பவருக்கு எதை எழுதுவது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்கப்பல்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். கப்பலின் நீளம், எடை, அது தாங்கிச் செல்லும் ஏவுகணைகள், அது புறப்பட்டுப் போகும் கடல் ஆகியவையெல்லாம் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்தக் கப்பலுக்குள் ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழப்போகிறவர்களின் சாதாரண நாள் ஒன்று எப்படிக் கழிகிறது என்பதை மட்டும் அரிதாகவே காண முடிகிறது. கடற்படைக் கப்பல்களின் எஞ்சின் அறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கடலில் இருப்பவர்களின் வீட்டார் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையே என்னை எழுதத் தூண்டியது.

நீண்ட பயணத்தில் மனிதரை மிகவும் சோதிப்பது புயல் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். புயல் இரண்டு மூன்று நாளில் ஓய்ந்துவிடும். ஒரே இரும்புச் சுவர்களுக்குள், ஒரே முகங்களுக்கு நடுவில், மூன்றடுக்குப் படுக்கையில் ஒன்றை மட்டும் தனக்கென வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வாழும்போது எது பெரியது, எது சிறியது என்ற கணக்கு மெல்ல மெல்லத் தவறிப்போவதே உண்மையான சோதனை. ஒருமுறை, என் படுக்கைக்கு எதிரே இருந்த அலமாரிக் கதவை ஒரு நண்பர் நள்ளிரவுப் பணிக்குப் போகும்போதெல்லாம் ஓசையுடன் சாத்துகிறார் என்பதற்காக, அவரோடு பதினொரு நாள் பேசாமல் இருந்தேன். அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்வதாகவே முழுமையாக நம்பினேன். கப்பலின் ஆட்டத்தில் அந்தக் கதவின் தாழ்ப்பாள் வளைந்து போயிருந்தது என்பதும், ஓங்கிச் சாத்தாவிட்டால் அது மூடாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. கரையில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் மறந்துபோகும் ஓசை அது.

இந்தக் கணக்கை மீட்டுத் தந்தவை மிகச் சாதாரணமான பழக்கங்கள். எஞ்சின் அறையில் மணிக்கொருமுறை எண்ணெயின் அழுத்தத்தையும் நீரின் வெப்பநிலையையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவோம். முந்தைய மணிநேரத்து எண்ணும் இந்த மணிநேரத்து எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இருந்தும் எழுத வேண்டும். மனம் எந்த நிலையில் இருந்தாலும், கண்முன் உள்ள அளவியில் முள் எங்கே நிற்கிறதோ அதை மட்டும் உள்ளபடி எழுதும் அந்த ஒழுங்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பணி முடிந்ததும், அனுமதி இருக்கும் நேரங்களில் மேல்தளத்துக்கு ஏறி வந்து கடலைப் பார்ப்பேன். கடல்மட்டத்திலிருந்து 9 மீட்டர் உயரத்தில் நம் கண் இருந்தால், அடிவானம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். கப்பல் 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அடிவானத்தில் நாம் கண்ட இடத்தை அரை மணி நேரத்தில் எட்டிவிடும். ஆனால் அடிவானமோ அதே 11 கிலோமீட்டருக்கு அப்பால் அப்படியே நிற்கும். எதுவும் நகரவில்லை என்று கண் சொல்லும். உச்சி வேளையில் வரைபடத்தில் குறிக்கப்படும் புள்ளியோ நேற்றைய இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நாட்களும் எங்களுக்கு அப்படித்தான் போயின.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. ஒரு நாளை நான்கு மணிநேரப் பணிமுறைகளாகப் பிரித்து, மாலை 4 மணி முதல் 8 மணி வரையிலான ஒன்றை மட்டும் இரண்டிரண்டு மணிநேரமாக வெட்டி, மொத்தம் ஏழு பணிமுறைகளாக வைப்பது பழங்காலக் கப்பல் வழக்கம். ஏழு என்பது ஒற்றைப்படை எண் என்பதால், இரண்டு குழுக்கள் மாறி மாறி நிற்கும்போது ஒரே குழு தினமும் நள்ளிரவில் விழித்திருக்க நேராது. அது நியாயமான பங்கீடுதான். ஆயினும் உறங்கும் நேரம் தினமும் இடம் மாறுவதை உடல் ஏற்றுக்கொள்வதில்லை. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுஎஸ்எஸ் பிட்ஸ்ஜெரால்ட், ஆகஸ்டில் யுஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெயின் என்னும் இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வணிகக் கப்பல்களோடு மோதியதில் முறையே 7 பேரும் 10 பேரும் உயிரிழந்தனர். பயிற்சிக் குறைபாடு உள்ளிட்ட பல காரணங்களோடு, பணியாளர்களின் சோர்வும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டது. அதன் பின்னர், தினமும் ஒரே நேரத்தில் பணி, ஒரே நேரத்தில் உறக்கம் என்ற முறையை அந்தக் கடற்படை தன் போர்க்கப்பல்களில் கட்டாயமாக்கியது. மனவுறுதியை மட்டும் நம்பி மனிதரைக் கடலுக்கு அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. அலமாரிக் கதவுக்காக நான் கோபம் கொண்ட அந்த நாட்களில், ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் நான் உறங்கியதே இல்லை.

இனி, வீட்டிலிருந்து வரும் கடிதங்களைப் பற்றி. நான் பணியில் சேர்ந்த காலத்தில் கடிதங்கள் துறைமுகத்தில் கட்டுக்கட்டாக ஏறும். பிறகு பல வாரங்களுக்கு ஒன்றுமே வராது. ஒருமுறை என் மனைவியின் கடிதத்தில், 'இப்போது காய்ச்சல் முற்றிலும் நின்றுவிட்டது, கவலைப்பட வேண்டாம்' என்று இருந்தது. யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாள் இருந்தது என்பதைச் சொல்லியிருந்த முந்தைய கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. அது கைக்குக் கிடைக்கும் வரை நான் பட்ட துன்பத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை. அதன்பின் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் எண் இட்டு எழுதுவது என்று முடிவு செய்தோம். எது விடுபட்டது என்பதாவது தெரிந்தது. இப்போது செயற்கைக்கோள் வழியாக மின்னஞ்சல் வந்துவிட்டது என்றாலும், அதுவும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. வரிசை மாறி வந்து குழப்புவதும் உண்டு. எண் இடும் பழக்கம் இன்றைக்கும் பயன்படும் என்றே சொல்வேன்.

வீட்டுத் துன்பங்களைக் கடலில் இருப்பவரிடம் சொல்லி மனத்தைக் கலைக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு சிலர் அறிவுரை கூறுவார்கள். என் மனைவிக்கும் அப்படிக் கூறினார்கள். அதை நம்பி அவர் மூன்று மாதம் 'எல்லாரும் நலம்' என்று மட்டுமே எழுதினார். நலம் என்ற அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயமே எனக்குள் வளர்ந்தது. பிறகு ஒரு கடிதத்தில், சமையலறைக் குழாய் ஒழுகுவதையும், அதைச் சரிசெய்ய வந்தவர் இரண்டு முறை வந்தும் ஒழுகல் நிற்காததையும், எங்கள் மகள் தன் பெயரின் கடைசி எழுத்தை இன்னும் திருப்பியே எழுதுகிறாள் என்பதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்தக் குழாயை என் கைகள் அறியும்; அது எவ்வளவு பெரிய தொல்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் இல்லாமலும் வீடு நடந்துகொண்டிருக்கிறது, அதில் எனக்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறது என்ற இரண்டும் ஒருசேர விளங்கியது அப்போதுதான். ஆகவே வீட்டார் சிறிய செய்திகளை எழுத வேண்டும், தேதியோடு எழுத வேண்டும், கெட்ட செய்தி இருந்தால் அதையும் அதன் அளவு தெரியும்படி முழுமையாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாளிதழ்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சில பணிகளின்போது கப்பலின் இருப்பிடம் வெளியே தெரியாதிருக்க, எல்லாத் தனிப்பட்ட தகவல் தொடர்பும் நிறுத்தப்படும். அது பணியின் ஒரு பகுதியே தவிர, ஆபத்தின் அறிகுறி அன்று. உள்ளே இருப்பவர்கள் அந்நாட்களிலும் தங்கள் முறைக்கு எழுந்து, தண்ணீரைச் சிக்கனப்படுத்தி இரண்டு நிமிடத்தில் குளித்து, பதிவேட்டில் எண்களை எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் வெளியே, கப்பலிலிருந்து தகவல் இல்லை என்ற ஒரு வரி, ஊகங்களோடு சேர்ந்து தலைப்புச் செய்தியாக வரும்போது, அதைப் படிக்கும் தாய்க்கோ மனைவிக்கோ அன்றிரவு உறக்கம் இராது. தொடர்பு திரும்பியதும் அந்த அச்சமே முதல் கடிதமாகக் கப்பலுக்கு வந்து சேரும். அத்தகைய செய்தியை வெளியிட நேரும்போது, தொடர்பு நிறுத்தப்படுவது வழக்கமான நடைமுறை என்ற விளக்கத்தையும் அதே பத்தியில், அதே எழுத்தளவில் சேர்த்து அச்சிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை எஞ்சின் அறைப் பணியாளர்