புருஷன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பால்வினை நோய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னைச் சாலை, சேலம் சாலை, பெங்களூரு சாலை எல்லாம் கிருஷ்ணகிரியில் வந்து சேர்வதால் லாரி ஓட்டுநர்கள் மூலம் நோய் பரவுகிறது, ஒழுக்கம் ஒன்றே இதற்கு மருந்து என்று முடித்திருந்தார்கள். நான் பென்னாகரம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இது பாதிதான் சரியாகப் படுகிறது.

1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு, லாரிக்காரர்களைத் தேடிப் போய் நிறையப் பேசியாயிற்று. ஆணுறை பற்றி ஒரு கிளீனர் பையனுக்குத் தெரிந்த அளவு எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் தெரியாது. நான் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். கட்டட வேலைக்குப் பெங்களூரு போய், பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் ஊர் திரும்புகிறவர்கள். அங்கே யாரோடு இருந்தார்கள் என்று விசாரிப்பது என் வேலை இல்லை. நோய் வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

சிறுநீர் போகும்போது எரிந்தால் 'வெட்டைச்சூடு' என்று இளநீர் குடிப்பார்கள். அடங்காவிட்டால் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் நாலு மாத்திரை. அப்புறம், பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் வைத்தியர். அரசு மருத்துவமனைக்கு வருவது கடைசியில், அதுவும் தனியாக.

சிபிலிஸ் என்ற பால்வினை நோயில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது. தொற்றி 10 நாளிலிருந்து 90 நாளுக்குள் வரும்; மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் ஆறிவிடும். லாட்ஜ் வைத்தியருக்குப் பேர் கிடைப்பது இப்படித்தான். கிருமி மட்டும் உடம்பை விட்டுப் போயிருக்காது. கொனோரியா, கிளமிடியா என்ற வேறு இரண்டு பால்வினை நோய்களும் பெண்கள் பலருக்கு ஓர் அறிகுறியும் காட்டுவதில்லை. குழந்தை இல்லை என்று டாக்டரிடம் போகும்போதுதான் கருக்குழாய் அடைத்திருப்பதே சிலருக்குத் தெரியவரும்.

எங்கள் பெண்கள் சிபிலிஸ் என்ற பேரை முதலில் கேட்பது கர்ப்பம் பதிவு செய்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது. சிகிச்சை எடுக்காவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடும் பிறக்கலாம். பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய். ஊசிக்கு மறுத்த கர்ப்பிணியை நான் பார்த்ததில்லை. 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா' என்றால்தான் சிக்கல். 'அவரு வேலைக்குப் போயிட்டாருங்க சிஸ்டர்' என்பாள். அவன் வந்தாலும், 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு?' என்பான். மாமியார் காதுக்குப் போனால் நோய் மருமகளோடு வந்ததாகிவிடும். கணவன் சிகிச்சை எடுக்காமல் அடுத்த பண்டிகைக்கு வந்தால், குணமான மனைவிக்கு மறுபடியும் தொற்றலாம். ஒரு தடவை வந்தால் மறு தடவை வராது என்பதெல்லாம் இந்த நோய்க்குக் கிடையாது.

இந்தப் பெண்கள் எந்த ஒழுக்கத்தைத் தவறினார்கள் என்று கட்டுரை எழுதியவர் சொல்லட்டும். ஒழுக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஒரே துணையோடு வாழ்வதும், ஆணுறை போடுவதும் நோயைக் குறைக்கும்தான். (ஹெர்பிஸ், எச்.பி.வி. என்ற இரண்டு பால்வினைத் தொற்றுகளையும் ஆணுறை முழுதாகத் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆனால் நோய் வந்தவன் என்றாலே நடத்தை கெட்டவன் என்று எழுதினால், வந்தவன் மறைக்கத்தான் பார்ப்பான். அவன் மறைக்கிற நாளெல்லாம் வீட்டில் இருப்பவளுக்கு ஆபத்து. பிறப்புறுப்பில் புண் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றுவதும் சுலபம்.

அரசு மருத்துவமனையில் சுகவாழ்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. அறிகுறிக்கு ஏற்ப நிறம் பிரித்த மருந்துப் பொட்டலம் இலவசமாகவே தருகிறார்கள், துணைக்கும் சேர்த்து. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி பொதுவாகச் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியில் சொல்லவும் கூடாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097-க்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம். நாலு பக்கக் கட்டுரையில் இதில் ஒன்றுக்குக்கூட இடம் இல்லாமல் போய்விட்டதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகங்களிடமும் ஒரு கோரிக்கை. வெளியூரில் வேலை செய்கிறவன் வார நாளில், பகலில் மையத்துக்கு வர முடியாது. பொங்கல், ஆடிப் பதினெட்டு, தீபாவளி வாரங்களில் மட்டுமாவது பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை அரசு மருத்துவமனைகளில் இரவு எட்டு மணி வரை கணவன் மனைவி இருவரையும் சேர்த்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வாசலில் தனியாக போர்டு மாட்ட வேண்டாம். காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே ஓ.பி. சீட்டு போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.