பன்னிரண்டு இடம்: வாஷிங்டனிலிருந்து அப்பாவுக்கு

வாஷிங்டன் டி.சி.
9.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே அனைவரின் நலமறிய ஆவல். கடிதமே போடுவதில்லை என்று அம்மா போனில் திட்டுவது போதாதென்று நீங்களும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் ஒன்றரைப் பக்கம் பாஸ்கெட்பால்: நீங்கள் பழக்கும் பள்ளிக்கூடப் பெண்களும், இங்கே டபிள்யூ.என்.பி.ஏ. என்ற பெண்கள் லீகில் ஆடும் வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணியும். நானும் அதே கணக்கில் பதில் எழுதுகிறேன்.

குளிர் இன்னும் விடவில்லை. மாவு புளிக்காது என்பதால் ராத்திரி ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துவிடுகிறேன். காலையில் பொங்கி நிற்கிறது. இட்லி நன்றாகத்தான் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வேலையும் நல்லபடியாகத்தான் போகிறது. எங்கள் புராஜெக்டைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் பகலிலேயே உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

எதிர்வீட்டுப் பாட்டி பற்றிப் போன தடவை சொன்னேன் இல்லையா, 1998இல் மிஸ்டிக்ஸ் அணி தொடங்கியதிலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்? இப்போது அவர் அணி நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார். ஏரியல் அட்கின்ஸைப் போன மாதம் சிகாகோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2018 டிராஃப்டில் (அணிகள் வரிசை போட்டுப் புது ஆட்டக்காரிகளை எடுக்கும் நாள்) ஏழாவது தேர்வாக வந்து, 2019இல் கோப்பை ஜெயித்த அணியில் ஆடியவர். பாட்டி காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு என் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறார், நான் திருத்தித் திருப்பித் தள்ளுகிறேன். நீங்களும் அதையேதான் கேட்டிருக்கிறீர்கள்: பழகிய பிள்ளைகளை வைத்தே தேற்றாமல் ஏன் கலைக்கிறார்கள் என்று.

முதலில் பணத்தைப் பாருங்கள். இங்கே ஒரு அணி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. இந்த வருஷம் 15,07,100 டாலர். ஆண்கள் லீக் மாதிரி அபராதம் கட்டிவிட்டுத் தாண்ட முடியாது. இதற்குள் 12 பேர், குறைந்தது 11 பேர். மிகப் பெரிய நட்சத்திரத்துக்கு 2,49,244 டாலர் வரை தரலாம். அப்படி இரண்டு பேரை வைத்தால் மிச்சப் பத்துப் பேருக்குத் தலைக்கு ஒரு லட்சம்தான் தேறும். அதனால்தான் பல அணிகள் 11 பேரோடு நிறுத்திக்கொள்கின்றன. பிறகு சீசன் நடுவில் இரண்டு பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மாற்ற ஆள் இருக்காது. ஆடக்கூடியவர்கள் பத்துக்குக் கீழே போனால்தான் அவசர ஒப்பந்தத்தில் வெளியாளைச் சேர்க்க அனுமதி.

இப்போது இளசுகள். டிராஃப்டில் முதல் நான்கு இடத்தில் எடுக்கப்படும் பெண்ணுக்கு இந்த வருஷச் சம்பளம் 78,831 டாலர். ஆறாவதாக வருபவருக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஆக மூன்று புதுப் பெண்களின் மொத்தச் சம்பளம் ஒரு நட்சத்திரத்தின் சம்பளத்தைவிடக் குறைவு. அதோடு ஒப்பந்தம் மூன்று வருஷம், நான்காவது வருஷத்தை நீட்டும் உரிமை அணி கையில். சரியான ஆள் அமைந்துவிட்டால் அந்த நான்கு வருஷமும் மலிவு விலையில் நல்ல ஆட்டக்காரி. தோற்கும் அணிக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

அட்கின்ஸுக்கு ஈடாக வந்த முக்கியமான பொருள் அதுதான், இந்த வருஷத்தின் மூன்றாவது தேர்வு, அதாவது டிராஃப்டில் மூன்றாவதாக ஆள் எடுக்கும் உரிமை. நான்காவதும் ஆறாவதும் ஏற்கெனவே கையில் இருந்தன. தேர்வுச் சீட்டுக்குச் சம்பளம் கிடையாது, எனவே உச்சவரம்பிலும் இடம் காலியாகிறது. இன்னொரு காரணத்தைப் பாட்டி ஏற்க மறுக்கிறார். அட்கின்ஸின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. அவர் மட்டுமல்ல, லீகில் பெரும்பாலான மூத்தவர்களுக்கும் அப்படித்தான். வீராங்கனைகள் சங்கம் அக்டோபரில் லீகோடு செய்த பழைய கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டதால், 2026இல் சம்பளம் கூடும் என்று எல்லோரும் அதுவரைதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துச் சும்மா போகக்கூடியவரை, விலை கிடைக்கும்போதே கொடுத்துவிட்டார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் சரியான முடிவு.

வற்புறுத்தி வைத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. ஒப்பந்தம் முடிந்தவரை ‘கோர்’ என்று அறிவித்து, உச்சச் சம்பளத்தில் ஒரு வருஷ அழைப்பு கொடுத்தால் அவர் வேறு அணியோடு பேச முடியாது. ஒரு அணி ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் அப்படிக் கட்டலாம், ஒருவரை மொத்தம் இரண்டு தடவைக்கு மேல் கட்டவும் கூடாது. 2024இல் மிஸ்டிக்ஸ் நட்சத்திரம் எலீனா டெல் டானை அப்படிக் கட்டினார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் அந்த சீசன் முழுவதும் வீட்டில் இருந்துவிட்டார். அணிக்கு ஆளும் இல்லை, ஈடாக ஒரு தேர்வும் வரவில்லை. மனசில்லாதவரைச் சட்டத்தைக் காட்டி நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

அணிக் கலைப்பு அட்கின்ஸோடு தொடங்கவில்லை. போன சீசனில் முதல் 12 ஆட்டமும் தோல்வி, கடைசியில் 14 வெற்றி, 26 தோல்வி. அக்டோபரில் பொது மேலாளரையும் பயிற்சியாளரையும் அனுப்பிவிட்டு ஜமீலா வைட்மனையும் சிட்னி ஜான்சனையும் கொண்டுவந்தார்கள். டிசம்பரில் புது அணியான கோல்டன் ஸ்டேட்டுக்காக ஒவ்வொரு அணியும் ஆறு பேரை மட்டும் பாதுகாக்கலாம், மிச்சப் பேரில் ஒருவரை அந்தப் புது அணி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இங்கிருந்து பெல்ஜியத்துக்காரி ஜூலி வான்லூ போனார்.

வேண்டுமென்றே தோற்று முதல் தேர்வைப் பிடிக்கலாமே என்று உங்கள் நண்பர் கேட்டாராம். முடியாது. முதல் தேர்வு தோற்ற அணிகளுக்குள் குலுக்கலில்தான் கிடைக்கும், அதற்கும் இரண்டு வருஷ வெற்றி தோல்வியைக் கூட்டித்தான் வாய்ப்புத் தருகிறார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் எட்டே ஆட்டம் ஜெயித்து நூற்றுக்கு 44 வாய்ப்போடு உட்கார்ந்திருந்தது, முதல் இடம் டல்லாஸுக்குப் போய்விட்டது.

டிராஃப்ட் ஏப்ரல் 14, நம் சித்திரை முதல் நாள். அதற்குப் பிறகுதான் மனசைக் கல்லாக்க வேண்டிய வேலை. 38 பெண்களை எடுப்பார்கள். ஆனால் 13 அணிக்கும் சேர்த்து மொத்தமே 156 இடம், அதில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. தெற்கு ரயில்வேயில் ஆடிய கீது அன்னா ஜோஸ் 2011இல் இங்கே மூன்று அணிகளின் தேர்வுக்கு வந்தும் இடம் கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட்டீர்கள். இங்கே கல்லூரியில் கொடி கட்டிப் பறந்தவர்களுக்கே அந்த கதி. பயிற்சி முகாமுக்கு வருகிறவர்களில் பலருக்குப் பாதுகாப்பில்லாத ஒப்பந்தம். மே 16 சீசன் தொடக்கம், அதற்கு முன்பு விடுவித்துவிட்டால் சீசன் சம்பளம் ஒரு டாலர் கிடையாது. காலையில் கூப்பிட்டுச் சொல்வார்கள், மத்தியானம் பெட்டி கட்ட வேண்டும். ஆட்டம் சரியில்லை என்றுகூட இருக்காது. அதே இடத்தில் விளையாட இரண்டு பேர் இருந்து, ஒருத்தியின் சம்பளம் 12,000 டாலர் கூடுதல் என்றால் அவள்தான் போவாள். மூன்று வருஷம் ஆடியவருக்குக் குறைந்தபட்சம் 78,831, அதற்குக் கீழே அனுபவம் என்றால் 66,079. அந்த வித்தியாசம் பலர் வேலையைத் தின்றிருக்கிறது.

உங்கள் பிள்ளைகள் விஷயம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் போய்விடுவார்கள், ஒன்பதாம் வகுப்பு நெட்டைப் பெண்ணை இப்போதே முதல் ஐந்தில் போடலாமா என்றீர்கள். போடுங்கள். ஆனால் பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த மூத்தவள் ஒருத்தியாவது அவள் பக்கத்தில் நிற்கட்டும். எல்லோரையும் ஒரே நேரத்தில் இளசாக மாற்றினால் தோல்வி பழகிவிடும், அதைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம். இங்கே மூத்தவர் ஸ்டெஃபனி டால்சனை வைத்திருப்பதே பாதி அதற்காகத்தான்.

சாயங்காலம் கிரவுண்டுக்குத் தண்ணீர் தெளிக்கிறது யார் இப்போது? சுண்ணாம்புக் கோடு இன்னும் நீங்களே குனிந்துதான் போடுகிறீர்களா? இடுப்பு வலியை வைத்துக்கொண்டு அது வேண்டாம் அப்பா, தம்பியைச் செய்யச் சொல்லுங்கள். இங்கே அரங்கில் நாலாயிரம் பேர் கத்துகிறார்கள், மரத்தரை பளபளக்கிறது. எனக்கு அந்தச் செம்மண் தரையில் வெறுங்காலோடு ஒரு தடவை ஓடினால் போதும் என்று இருக்கிறது.

மாந்தோப்பில் பிஞ்சு விட்டிருக்கும். குத்தகைக்காரர் போன வருஷம் மாதிரி ‘காய் இறங்கட்டும், அப்புறம் தருகிறேன்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதிப் பணம் எழுதும் அன்றே, மீதியை எண்ணி வாங்கிய பிறகுதான் வண்டியில் காய் ஏற வேண்டும். கல்லாமை மரங்களை மட்டும் கொடுங்கள், கிணற்றடியில் நிற்கும் இரண்டு செந்தூரமும் வீட்டுக்கு இருக்கட்டும்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். இங்கே வரிக் கணக்கு முடிக்கிற சமயம், வேறொன்றும் இல்லை. அத்தையின் சீட்டுத் தவணையை மட்டும் தவறவிட வேண்டாம், மற்றதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாவுக்கு வர டிக்கெட் விலை தாங்காது போலிருக்கிறது, அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். தம்பிக்குப் பெண் பார்க்கப் போவதாகப் பெரியம்மா எழுதியிருந்தார். ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் அன்பு மகள்

பி.கு: வீட்டுப் பட்டா நகலையும் என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களையும் தம்பியிடம் சொல்லி ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, இந்த வாரத்துக்குள் கிடைத்தால் நல்லது.