நீச்சல் குளம் திறக்கலாம்; ஆனால் 1-ஆம் தேதி காலையிலேயே வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவால் மூடிக் கிடந்த நீச்சல் குளங்களை 2021 பிப்ரவரி 1 முதல் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் அறிவித்ததுமே, பாலக்காடு, சித்தூர் பக்கத்து வில்லா காலனிகளில் திறக்கலாமா வேண்டாமா என்ற வாக்குவாதம் தொடங்கிவிட்டது. கேரளத்தில் பல நாள் கொரோனா தொற்று 5,000-ஐத் தாண்டிய அந்த நேரத்தில் தயக்கம் வரத்தான் செய்யும். ஆனால் எல்லோரும் தண்ணீரைப் பார்த்துத்தான் பயந்தார்கள்.

கொரோனா கிருமிக்கு மேலே இருப்பது கொழுப்பு உறை. சோப்புக்கும் குளோரினுக்கும் அது தாங்காது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்வது, அரை மணி நேரத்துக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது. நீச்சல் குளத்தில் 1 முதல் 3 மில்லிகிராம் வரை வைப்பதே வழக்கம். ஆபத்து இருப்பது கரையில்: காற்றோட்டமில்லாத உடை மாற்றும் அறை, படிக்கட்டில் மாஸ்க் இல்லாமல் முகத்துக்கு முகம் பேச்சு, ஒரே துண்டு. உடை மாற்றும் அறையைப் பூட்டிவிட்டு, வீட்டிலேயே குளித்து நீச்சல் உடையோடு வரச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. 10-க்கு 5 மீட்டர் குளத்தில் ஒரு நேரத்தில் 8 பேர் போதும். நனைந்த மாஸ்க் மூச்சை அடைக்கும்; தண்ணீருக்குள் அது கூடாது.

மீதிப் பாதி, 10 மாதமாகப் பூட்டிக் கிடந்த குளம். அடித்தரை தெரியாத அளவு பச்சை பிடித்திருந்தால் மருந்தைக் கொட்டிப் பயனில்லை, இறைத்துக் கழுவியே ஆக வேண்டும். பம்ப்பை எடுத்தவுடன் ஸ்விட்ச் போடக் கூடாது. அதன் ஷாஃப்டை (சுழலும் தண்டை) கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நீர் கசியாமல் தடுக்கும் சீல் காய்ந்து ஒட்டியிருந்தால் ஓடிய சில நிமிடத்தில் ஒழுகும். மணல் ஃபில்டரின் மூடியைத் திறந்து கையை விட்டால், மேல் மணல் கட்டி கட்டியாக வரும். அதை உடைக்காமல் ஓட்டினால் தண்ணீர் ஓரத்து இடுக்கு வழியே வடிகட்டாமல் போய்விடும். ஷவர் குழாயில் தேங்கிய பழைய நீரை யாரும் எதிரே நிற்காமல் நன்றாகத் திறந்துவிட வேண்டும். நிமோனியாவைத் தரும் லெஜியோனெல்லா கிருமி வளர்வது அங்கேதான். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கின் ஒயரையும், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யையும் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும்.

இனி கணக்கு. மேலே சொன்ன குளத்தில் சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் 60,000 லிட்டர். முதல் நாள் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏற்ற 600 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீதம் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடரில் அது ஏறக்குறைய 1.8 கிலோ. வாய் திறந்து கிடந்த பழைய மூட்டையில் வீரியம் 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 3 கிலோ. பொழுது சாய்ந்த பிறகு போட வேண்டும். நம்மூர் வெயில் பகலில் குளோரினைத் தின்றுவிடும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். குளோரின் அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் வரை யாரையும் இறக்கக் கூடாது. ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் ஒரே வாளியில் கலந்தால் விஷவாயு கிளம்பும். அளக்கும் கரண்டியைக்கூடத் தனித்தனியாக வையுங்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். விஷயத்தில். அது 7.5-இல் இருந்தால் குளோரினில் பாதி வேலை செய்யும். 8-க்குப் போனால் கால்வாசிதான். இந்தப் பக்கத்து போர்வெல் நீர் கடினமானது, ப்ளீச்சிங்கும் பி.எச்.சை ஏற்றும். குளோரினை அளக்க மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு மருந்து, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வீரியமிழந்த குளோரினையும் சேர்த்துக் காட்டிவிடும். வீரியமுள்ள குளோரினைத் தனியாக இளஞ்சிவப்பில் காட்டும் டி.பி.டி. கிட் வாங்குங்கள். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் மருந்து அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் குளோரின் போதவில்லை என்பதன் அடையாளம்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து பம்ப்பை இரண்டு மணி நேரம் ஓட்டும் அசோசியேஷன்கள் திறக்காமலே இருக்கலாம். முழு நீரும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியே வர வேண்டும், அதற்கு மணிக்கு 10,000 லிட்டராவது இழுக்கும் மோட்டார் தேவை. போதாக்குறைக்கு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இப்போது புழுதியையும் சருகையும் வாரிக் கொட்டுகிறது. அத்தனையும் குளோரினைத் தின்றுவிடும்.

திறப்பதில்லை என்று முடிவெடுப்பவர்களும் அப்படியே விட்டுவிட முடியாது. மழைநீர் தேங்கினால் டெங்கு கொசு வந்துவிடும். குளத்தை வற்றவிடுங்கள், இல்லையென்றால் கொசுப் புழுவைத் தின்னும் கப்பி மீன் விடுங்கள். குளோரின் முழுக்க இறங்கிய பிறகு மட்டும் விடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலையில் மீன்கள் மிதக்கும்.

இப்படிக்கு,
நீச்சல் குளப் பராமரிப்பாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.