பிளேடு போடும் அம்மா எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பறவையின் கழுத்து நன்றாக வந்திருக்கிறது, வாலில்தான் சறுக்கியிருக்கிறாய். "கோட்டை விட்டு வலப்பக்கமாகவே போகிறது, என் கை சரியில்லை. எந்த பிராண்ட் பிளேடு வாங்கலாம், ஒரே ஒரு பெயர் சொல்" என்று கேட்டிருந்தாய். நான் ஸ்க்ரோல் சா பற்றி, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரப்பலகையை வளைவு வளைவாக அறுக்கும் நம் மெஷின் பற்றி, வாயைத் திறந்தாலே "அம்மா பிளேடு போட ஆரம்பித்துவிட்டாள்" என்று நழுவுகிறவன் நீ. இப்போது நீயாகவே வந்து மாட்டிக்கொண்டாய். ஒரு பெயரோடு விடமாட்டேன்.

முதலில், உன் கை மேல் பழி போடாதே. கை தவறு செய்தால் இரண்டு பக்கமும் செய்யும். படத்தில் விலகல் எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக இருக்கிறது. அது பிளேடு செய்யும் வேலை. மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கழற்றி அதன் இரண்டு பக்கங்களிலும் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார். ஒரு பக்கம் வழுவழுவென்று போகும், மறுபக்கம் நகத்தைச் சுரண்டும். பல்லை வெட்டும்போது உலோகம் ஒரு பக்கமாகப் பிதுங்கி நின்ற பிசிறு அது. பிசிறு உள்ள பக்கம் மரத்தை அதிகம் கடிக்கும், பிளேடும் அந்தப் பக்கமே போகும். பலகையை நேராகத் தள்ளாமல், மேஜை மேல் படிந்தபடியே கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பித் தள்ளினால் கோட்டிலேயே நிற்கும். எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை ஒவ்வொரு பிளேடிலும் முதல் இரண்டு அங்குலத்தில் கை தானாகவே கற்றுக்கொள்ளும்.

பிராண்ட் விஷயமே இந்தப் பிசிறில்தான் இருக்கிறது. மலிவான பிளேடுகளில் பல்லை அச்சில் அடித்து எடுக்கிறார்கள். அதற்கு அடுத்த ரகத்தில் கம்பியைத் தட்டையாக்கி மில்லிங்கில், அதாவது சுழலும் வெட்டுக்கருவியில், பல் வெட்டுகிறார்கள். இரண்டிலும் பிசிறு நிற்கும், அச்சில் அடித்ததில் கூடுதலாக. மூன்றாவது, ஒவ்வொரு பல்லையும் சாணைக்கல்லில் தீட்டி எடுப்பது. இதில் பிசிறு மிகக் குறைவு, பல் கூர்மை, கோட்டில் ஒழுங்காகப் போகும், விலையும் ஏறும். ஆகவே பாக்கெட்டில் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் பல் எப்படிச் செய்தது என்று பார்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். ஓல்சன் அமெரிக்கப் பெயர், கனெக்டிகட் மாநிலத்து பெத்தல் ஊர்க்காரர்கள். சாணை பிடித்த பல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் பி.ஜி.டி. (PGT). பெகாஸ் சுவிட்சர்லாந்தில் செய்வது. கைக்கடிகாரம் செய்கிற நாட்டில் மயிரிழை ரம்பம் செய்வதில் ஆச்சரியமில்லை. நகைத்தொழில் செய்பவர்களின் வில்ரம்பத்துக்கும் அவர்களிடம் பிளேடு உண்டு. நிக்வா ஜெர்மனி. 'ஃப்ளையிங் டச்மேன்' என்ற பெயரைக் கேட்டு ஹாலந்து என்று நினைத்துவிடாதே, அமெரிக்காவில் விற்கும் அந்தப் பிளேடுகளும் ஜெர்மனியில் செய்யப்பட்டவைதான். இந்தத் தொழிலில் செய்கிற கைகள் கொஞ்சம், ஒட்டுகிற லேபிள்கள் நிறைய. மெஷின் கம்பெனி தன் பெயர் போட்டுத் தரும் பிளேடைப் பெரும்பாலும் வேறு யாரோதான் செய்திருப்பார்கள். எந்த நாட்டில் செய்தது என்று பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்.

என்னைக் கேட்டால், நுணுக்க வேலைக்கு பெகாஸ். அவர்களுடைய 'மாடிஃபைட் ஜியோமெட்ரி' வகை கடின மரத்தில் வெண்ணெய் வெட்டுவது போலப் போகும், கையும் வலிக்காது. ஓல்சன் பி.ஜி.டி.யும் நல்ல பிளேடுதான். ஆனால் வேகமாக வெட்டும், கொஞ்சம் அசந்தால் வளைவைத் தாண்டிவிடும். கை படியட்டும், பிறகு அதை வாங்கு.

இதைவிட முக்கியமான ஒன்று, பிளேடின் முனைகளில் 'பின்' (pin) என்கிற குறுக்காணி உள்ளதா இல்லாததா என்பது. என் முதல் மெஷின் இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஆணி வைத்த பிளேடைத் தவிர வேறெதையும் பிடிக்காது. பலகையின் நடுவில் வெட்டுவதற்கு, அந்த ஆணி நுழைய ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் துளை போட வேண்டும். ஒரு முழு வருடம் இலை, பூ எல்லாவற்றின் நடுவிலும் பொத்தல் போட்டுக்கொண்டு, எனக்கு இந்த வேலை வராது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பின் இல்லாத பிளேடைப் பிடிக்கும் மெஷின் கைக்கு வந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் துளையில் பிளேடு நுழைந்துவிட்டது. அன்று ராத்திரி உன் அப்பா எழுந்து வந்து விளக்கை அணைக்கும்வரை வெட்டிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன நல்ல வகைகளெல்லாம் பெரும்பாலும் பின் இல்லாமல்தான் வருகின்றன. உன் மெஷின் இரண்டையும் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய், அதனால் கூட வந்த பின் பிளேடுகளைத் தூர வை.

நீளம் எல்லாவற்றிலும் ஐந்து அங்குலம். எண் ஏற ஏற பிளேடு பெரிதாகும். பூஜ்யத்தைவிடச் சின்னதான 2/0 நூல் மாதிரி இருக்கும், 12 முரட்டு ஆள். நீ 5-இல் தொடங்கு. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம், அதில் பாதிக்கும் குறைவான கனம். முக்கால் அங்குலப் பலகைக்கும் தாங்கும். பறவை இறகு மாதிரி இடங்களுக்கு 3 அல்லது 2. ஒரு கம்பெனியின் 5-ம் இன்னொரு கம்பெனியின் 5-ம் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது என்பதால், பிராண்ட் மாற்றினால் முதல் வெட்டைத் துண்டுப் பலகையில் போட்டுப் பார். 'ரிவர்ஸ்' என்று எழுதியிருந்தால் அடியில் உள்ள சில பற்கள் மேல்நோக்கி இருக்கும், ப்ளைவுட்டின் அடிப்பக்கம் சிலும்பாகாது. மாட்டும்போது அந்தப் பற்கள் கீழே இருக்கவேண்டும். நான் தலைகீழாக மாட்டிவிட்டு, பலகை துள்ளுகிறதே என்று மெஷினைத் திட்டிய கதை உண்டு, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

முறுக்கு பிளேடு, அதாவது ஸ்பைரல், எல்லாத் திசையிலும் வெட்டும், பலகையைத் திருப்பவே வேண்டாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வெட்டு அகலமாகவும் சொரசொரப்பாகவும் வரும், நேர்கோடு பிடிக்கவும் படாதபாடு. மெஷினின் கைக்குள் திரும்பாத பெரிய பலகைக்கு மட்டும் நான் அதை எடுப்பேன்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும், நீ என் பிள்ளை என்பதால். நம் வீட்டில் தேய்ந்த துடைப்பத்தைக்கூடத் தூக்கிப் போடமாட்டோம். பிளேடில் அந்தச் சிக்கனம் கூடாது. மரம் கருகும் வாசனை வந்தாலோ, பலகையை வழக்கத்தைவிட அழுத்தித் தள்ளுகிறாய் என்று தோன்றினாலோ பிளேடு மழுங்கிவிட்டது. ப்ளைவுட்டின் பசை பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும். பலகை மேல் ஒளிபுகும் பேக்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டால் கருகுவது குறையும். ஏன் என்று பல விளக்கம் சொல்வார்கள், எனக்கு வேலை நடந்தால் போதும். இழுவிசையையும் கவனி. பிளேடை விரலால் சுண்டினால் தம்பூராக் கம்பி மாதிரி 'டிங்' என்று கேட்கவேண்டும், 'டப்' என்று கேட்டால் தளர்ச்சி. வால் சறுக்கியதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

வாங்கும்போது பெகாஸில் 5-ஆம் எண் ஒரு டஜன், ஓல்சன் பி.ஜி.டி.யில் 5-ஆம் எண் ஒரு டஜன் வாங்கு. ஒரே துண்டுப் பலகையில் ஒரே வளைவை இரண்டாலும் வெட்டி, எது எதனுடையது என்று பென்சிலால் பின்னால் எழுதிவை. படம் எடுத்து அனுப்பு, அதைப் பார்த்தால் உன் கைக்கு எது என்று சொல்லிவிடுவேன்.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டு. அந்தப் பறவையை எறிந்துவிடாதே, வாலை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு எனக்கு அனுப்பிவை.

அன்புடன்,
அம்மா